வெளிநாட்டுல இருந்து நம்ம குமரி மாவட்ட பிள்ளைங்க இல்லத்துக்கு முதல் தடவ வாறீங்களா? இத வாசிச்சிட்டு வாங்க

துபாய், மஸ்கட், சிங்கப்பூர், கனடான்னு எங்கயோ இருந்து மாசாமாசம் இங்க ஒரு பிள்ளைங்க இல்லத்துக்கு பணம் அனுப்புற குடும்பங்க நம்ம மாவட்டத்துக்கு நிறைய உண்டு. 2004 சுனாமிக்கு அப்புறம் குளச்சல், மணக்குடி பக்கம் உதவின்னு தொடங்கின தொடர்ப இன்னைக்கும் விடாம வச்சிருக்கவங்க இருக்காங்க. ஆனா பத்து வருஷம் பணம் அனுப்பியிருப்பாங்க, ஒரு தடவகூட நேர்ல வந்திருக்க மாட்டாங்க. லீவுக்கு ஊருக்கு வரும்போது குடும்பத்தோட ஒரு எட்டு போய் பாத்துட்டு வரலாமேன்னு தோணும், அதுக்குள்ள யார்கிட்ட சொல்லணும், என்ன வாங்கிட்டு போகணும், பிள்ளைங்ககிட்ட என்ன பேசணும்னு ஒரு தயக்கம் வந்துரும், அப்படியே லீவும் முடிஞ்சிரும்.

நான் தக்கலை பக்கத்துல ஒரு இல்லத்துல பன்னிரண்டு வருஷமா ஆபீஸ் வேலை பாக்கேன். வாற குடும்பங்கள கூட்டிட்டு சுத்திக் காட்டுறது என் பொறுப்புதான். நல்லா அமைஞ்ச வருகையும் பாத்திருக்கேன், பிள்ளைங்க மனசுல காயம் வச்சிட்டு போன வருகையும் பாத்திருக்கேன். நல்லா அமைஞ்சது எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும், வந்தவங்க பிள்ளைங்களோட சாதாரண ஒரு நாளுக்குள்ள வந்து உக்காந்துட்டு போயிருப்பாங்க, அவங்களுக்காக பிள்ளைங்க ஒரு நாள மாத்தியிருக்க மாட்டாங்க. கீழ சொல்றது எல்லாம் அதுக்குத்தான்.

முதல்ல தேதி

எல்லாருக்கும் லீவு கிடைக்கிறது டிசம்பர் கடைசி வாரம், எல்லாரும் வர நினைக்கிறதும் அப்பதான். ஆனா அரையாண்டு பரீட்சை முடிஞ்ச உடனே எங்க பிள்ளைங்கள்ல முக்கால்வாசி பேர் கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்கோ பாட்டி வீட்டுக்கோ போயிருவாங்க. மிச்சம் நிக்கிறது போக இடமில்லாத பிள்ளைங்க மட்டும்தான், அந்த அஞ்சாறு பிள்ளைங்களுக்கு ஒரே வாரத்துல ஒன்பது கேக் வந்த வருஷம் எல்லாம் உண்டு. அதுவும் இல்லாம, கடலோர ஊர்ல இருந்து வந்த பிள்ளைங்களுக்கு அந்த மாசம் கனமான மாசம். 2017 நவம்பர் 30ல ஒக்கி புயல் அடிச்சது, அதுல அப்பாவ கடல் கொண்டு போன பிள்ளைங்க இப்ப பெரிய கிளாஸ்ல படிக்கிறாங்க. டிசம்பர் 26 வந்தா சுனாமிக்கு திருப்பலி நடக்கும். அந்த நாட்கள்ல வந்து பாட்டு டான்ஸ்னு கேக்காதீங்க.

ஜனவரி, பிப்ரவரி நல்ல மாசம். வெயிலும் அதிகம் இருக்காது, மழையும் இருக்காது. ஜூன்ல ஸ்கூல் திறக்கிற வாரம் வந்தீங்கன்னா உங்க உதவிக்கு உண்மையாவே வேலை உண்டு, ஆனா நம்ம மாவட்டத்துல ஜூன்லயும் மழை ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, குடை இல்லாம இறங்காதீங்க. மே மாசம் ஃபுல் லீவு, ஆளே இருக்காது.

அடுத்தது ஒரு மாசம் முன்னாடி சொல்றது. கார எடுத்துட்டு நேரா வந்து கேட்டுல ஹாரன் அடிக்காதீங்க, எத்தன வருஷம் பணம் அனுப்புனவங்களா இருந்தாலும் சரி. இல்லத்துக்கு ஈமெயிலோ வாட்ஸ்அப்போ போட்டு யார் யார் வாறீங்க, என்ன வயசு, என்ன பாஸ்போர்ட், எத்தன மணி நேரம் இருப்பீங்கன்னு எழுதுங்க. உங்க ஐடி காப்பி கேப்பாங்க, குடுங்க. இது உங்கள சந்தேகப்படுறது இல்ல. இல்லம்ங்கிறது 2015ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்துக்கு கீழ பதிவு பண்ணி நடக்குற இடம், பிள்ளைங்க மாவட்ட குழந்தைகள் நலக்குழுவோட உத்தரவுலதான் இங்க தங்குறாங்க, யார் வந்தாங்க போனாங்கன்னு விசிட்டர் ரெஜிஸ்டர்ல எழுதியே ஆகணும். ஒண்ணுமே கேக்காம "வாங்க சார் வாங்க"ன்னு உள்ள விடுற இடம்னா நீங்கதான் யோசிக்கணும்.

அந்த மெயில்லயே இன்னொரு வரி சேத்து எழுதுங்க, "எங்களுக்கு வரவேற்பு ஒண்ணும் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பிள்ளைங்கள வரிசையா நிக்க வைக்க வேண்டாம்"னு. இத நீங்களா எழுதலன்னா எந்த இல்லமும் செய்யாம விடாது, ஏன்னா தர்மம் பண்றவங்க மனசு கோணக்கூடாதுன்னு ஒரு பயம் எங்களுக்கு எப்பவும் உண்டு. ஒரு தடவ ஒரு குடும்பத்துக்கு ஃப்ளைட் லேட்டாகி நாலு மணிக்கு வர வேண்டியவங்க ஏழரைக்கு வந்தாங்க, அது வரைக்கும் பிள்ளைங்க யூனிஃபார்ம் கழட்டாம, விளையாடப் போகாம, கையில ரோஜாப்பூ வச்சுகிட்டு வராந்தாவுல உக்காந்திருந்தாங்க. பூவெல்லாம் வாடிப் போச்சு. வந்த அந்த அம்மா அத பாத்து அழுதுட்டாங்க, அவங்களுக்கு இப்படி நடக்கும்னே தெரியாது.

வழி

திருவனந்தபுரம் ஏர்போர்ட்தான் பக்கம், நாகர்கோவிலுக்கு எழுபது கிலோமீட்டர் வரும். தூரத்த பாத்து ஒண்ணரை மணி நேரம்னு கணக்கு போடாதீங்க, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம்னு ஒவ்வொரு இடத்துலயும் நெரிசல், ரெண்டரை மணி நேரம் வச்சுக்கோங்க. ரயில்ல வாறவங்க குழித்துறை, இரணியல், நாகர்கோவில் இதுல எது இல்லத்துக்கு பக்கம்னு கேட்டு இறங்குங்க. இறங்கின அன்னைக்கே இல்லத்துக்கு வராதீங்க, ஒரு ராத்திரி தூங்கி எழும்பிட்டு வாங்க, உங்க பிள்ளைங்களுக்கு ஜெட்லாக்ல எரிச்சல் இருக்கும், அத எங்க பிள்ளைங்க தங்கள பிடிக்கலன்னு எடுத்துக்கும்.

பணம் குடுக்கிறத பத்தி

இதுல நல்ல மனசோட வந்து மாட்டிக்கிறவங்கதான் அதிகம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். வெளிநாட்டுல வேலை பாத்தாலும் உங்க கையில இருக்கிறது இந்திய பாஸ்போர்ட்டுன்னா, நீங்க உங்க சம்பாத்தியத்துல இருந்து பேங்க் வழியா குடுக்கிறது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனா கனடா, பிரிட்டன், சிங்கப்பூர்னு குடியுரிமை வாங்கிட்டீங்கன்னா, ஓசிஐ கார்டு இருந்தாலும் சரி, சட்டப்படி நீங்க வெளிநாட்டவர்தான். அப்ப அந்த இல்லத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை சட்டத்துக்கு கீழ மத்திய அரசு குடுக்கிற பதிவு இருந்தாத்தான் உங்ககிட்ட இருந்து வாங்க முடியும். இங்க வந்து ரூபாயா மாத்தி கையில குடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், இது நிறைய பேருக்கு தெரியாது. 2020ல அந்த சட்டத்த திருத்துன பிறகு, வெளிநாட்டு பணம் டெல்லி பாராளுமன்றத் தெருவுல இருக்கிற ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல திறந்த கணக்குக்குத்தான் முதல்ல வரணும், ஒரு டிரஸ்ட் வாங்கி இன்னொரு டிரஸ்ட்டுக்கு மாத்திக் குடுக்கவும் கூடாது. அதனால "எங்க மாமா டிரஸ்ட் வழியா அனுப்பி உங்களுக்கு தாறோம்"னு சொல்லாதீங்க, நாங்க வாங்க முடியாதுன்னு சொல்லும்போது உங்களுக்கும் சங்கடம் எங்களுக்கும் சங்கடம். லேப்டாப், வாஷிங் மெஷின்னு பொருளா குடுத்தாலும் இதே சட்டம்தான், முன்னாடியே கேட்டுக்கோங்க.

இந்தியால வரி கட்டுற சொந்தக்காரங்க 80ஜின்னு சொல்ற நன்கொடை வரி விலக்கு எடுக்கணும்னா 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுக்கக்கூடாது. யார் குடுத்தாலும் ரசீது வாங்குங்க. பிள்ளை கையில தனியா காசு குடுக்காதீங்க, நூறு ரூபாய்கூட வேண்டாம். ராத்திரி அந்த நூறு ரூபாயால சண்டை வரும், பெரிய பிள்ளை சின்ன பிள்ளைகிட்ட இருந்து பிடுங்கும், நீங்க அப்ப பிளேன்ல இருப்பீங்க.

என்ன கொண்டு வரணும்

வெளிநாட்டுல இருந்து சூட்கேஸ் நிறைய சாக்லேட், பழைய பொம்மை, கோடாலி தைலம் கொண்டு வருவாங்க. அன்பாத்தான் கொண்டு வாறாங்க, அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா எங்களுக்கு தேவைப்படுறது யாரும் கொண்டு வராத சாமான். உள்ளாடை, எல்லா சைஸ்லயும். சானிட்டரி நாப்கின். பெட்ஷீட்டு, தோர்த்து, மழைக்கு குடை, ரப்பர் செருப்பு. கண்ணாடி போட வேண்டிய பிள்ளைங்களுக்கு கண்ணாடி, பல்லு டாக்டர் பீஸ். பாடப்புத்தகம், நோட்டு, பை எல்லாம் சர்க்கார் ஸ்கூல்ல இலவசமாவே கிடைக்குது, அத வாங்கி அடுக்க வேண்டாம். சாமான லிஸ்ட் கேட்டு இங்கயே வாங்குங்க, அரிசி பருப்பு கோட்டாறு கம்போளத்துலயோ மார்த்தாண்டம் சந்தையிலயோ வாங்குனா விலையும் குறைவு, நம்ம ஊர் கடைக்காரங்களுக்கும் வியாபாரம்.

பெரிய தொகை குடுக்க நினைக்கிறவங்க 18 வயசு முடிஞ்ச பிள்ளைங்கள பத்தி கேளுங்க. சின்னப் பிள்ளை படத்த பாத்து பணம் குடுக்க ஆள் உண்டு, மீசை முளைச்ச பையனுக்கு ஐடிஐ பீஸ் கட்ட ஆள் கிடையாது. பிளஸ் டூ முடிச்ச பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கிடைச்சும் ஹாஸ்டல் பீஸுக்கு நாங்க அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும். சட்டத்துல 21 வயசு வரை பின்காப்புன்னு, இல்லத்த விட்டு போன பிறகும் உதவுறதுக்கு ஒண்ணு இருக்கு, ஆனா அத தாங்கிப் பிடிக்க கை வேணும்.

கேக் வாங்கினா ஒண்ணு கவனிங்க. ஒரு வருஷம் ஒரு பையன் தனக்கு குடுத்த கேக் துண்ட தின்னாம ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருந்த சாமானத்த எல்லாம் எடுத்து பாக்கெட்டுல போட்டுட்டு, நோட்டு பேப்பர் கிழிச்சு சுத்தி அந்த பாக்ஸுக்குள்ள வச்சான், கிரீம் எல்லாம் மூடியில ஒட்டிக்கிச்சு. என்ன மக்ளேன்னு கேட்டேன், "தங்கச்சிக்கு"ன்னான். தங்கச்சி நாகர்கோவில்ல பொம்பளப்பிள்ளைங்க இல்லத்துல இருக்கா, ஞாயித்துக்கிழமைதான் பாப்பான், அன்னைக்கு புதன். இப்படி அண்ணன் ஒரு இடம் தங்கச்சி ஒரு இடம்னு இருக்கிற பிள்ளைங்க நிறைய. அதனால உங்ககிட்ட வசதி இருந்தா கேக்குக்கு பதிலா, அந்த ஞாயித்துக்கிழமை பிள்ளைங்கள சேத்து வைக்கிறதுக்கு ஒரு வேன் வாடகை குடுங்க. எங்க பிள்ளைங்களுக்கு இதவிட பெரிய விருந்து நான் பாத்ததில்ல.

உங்க பிள்ளைங்கள தயார் பண்றது

கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க பிள்ளைங்ககிட்ட பேசுங்க. "அனாதைப் பிள்ளைங்கள பாக்கப் போறோம்"னு சொல்லிக் கூட்டிட்டு வராதீங்க, அது உண்மையும் இல்ல. எங்க பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல அம்மாவோ அப்பாவோ உயிரோட உண்டு. விடியக்காலம் மூணு மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போற அம்மாவால பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டு போக முடியும்? மழை பிடிச்சா பால் வெட்டும் இல்ல, கூலியும் இல்ல. அண்டி ஆபீஸ்ல நாள் முழுக்க முந்திரி உடைக்கிற அம்மா, குடிச்சே செத்துப்போன அப்பா, இப்படித்தான் கதை. பிள்ளை வீட்டுலயே இருந்து படிக்கட்டும்னு மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4,000 ரூபாய் குடும்பத்துக்கு குடுக்கிறாங்க, முடியுற பிள்ளைங்கள அந்த வழியில வீட்டுக்கு அனுப்பத்தான் நாங்களும் பாக்குறோம்.

"உங்க அப்பா எங்க?", "உனக்கு ஏன் வீடு இல்ல?" இந்த ரெண்டு கேள்வியும் வேண்டாம்னு உங்க பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுங்க, பெரியவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். எந்த கிளாஸ், எந்த டீம் பிடிக்கும், இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்ததுன்னு கேக்கலாம். தமிழ் வராத பிள்ளையா இருந்தா நாலு வரி படிச்சு குடுத்து கூட்டிட்டு வாங்க, தப்பா பேசினா எங்க பிள்ளைங்க சிரிக்கும், அந்த சிரிப்புல இருந்துதான் கூட்டே தொடங்கும், அதனால பயப்பட வேண்டாம். நகை, விலை கூடின வாட்ச், டேப்லெட் எல்லாம் ரூம்லயே வச்சிட்டு வாங்க.

அந்த நாள்

ஸ்கூல் நாள்னா சாயங்காலம் நாலரை மணிக்கு வாங்க. பிள்ளைங்க வந்து யூனிஃபார்ம் துவைச்சுப் போட்டு, சாயா குடிச்சு, ஆறு மணி வரை விளையாட்டு, பிறகு ஜெபம், படிப்பு, எட்டு மணிக்கு சோறு. அந்த ஓட்டத்துல கூட ஓடுங்க. துணி துவைக்கிற கல்லு பக்கத்துல நின்னு பேசுங்க, வாலிபால்ல ஒரு பக்கம் ஆள் குறைஞ்சா இறங்குங்க, கணக்கு தெரிஞ்சவங்க பத்தாங்கிளாஸ் பிள்ளை பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காருங்க. ராத்திரி அவங்களோட தரையில உக்காந்து அவங்க தின்னுறதையே தின்னுங்க. சம்பா அரிசி சோறும் மீன் கறியும் இருக்கும், இல்லன்னா பயறும் கஞ்சியும் இருக்கும், சில நாள் மரச்சீனிக் கிழங்கு. உங்களுக்கு மட்டும் ஆபீஸ் ரூம்ல பிரியாணி வச்சா வேண்டாம்னு சொல்லுங்க. சாப்பிட்ட தட்ட நீங்களே கழுவுங்க, அத பாத்த அன்னைக்கு பிள்ளைங்க உங்கள மாமா, மாமின்னு கூப்பிட ஆரம்பிச்சிரும்.

நீங்க மாசாமாசம் பணம் அனுப்புற பிள்ளை இதுல ஒண்ணா இருக்கலாம். அந்தப் பிள்ளைய மட்டும் மடியில தூக்கி வச்சு கொஞ்சாதீங்க, மத்த முப்பது கண்ணும் பாத்துகிட்டு இருக்கும். தனியா ரூமுக்கோ வெளியிலயோ கூட்டிட்டு போகவும் கேக்காதீங்க. கூடவே ஒரு ஸ்டாஃப் நிப்பாங்க, அது நல்ல இல்லத்துக்கு அடையாளம். சிலர் மனசு உருகி "இவள நாங்களே வளர்த்துக்கிறோம், தந்துருங்க"ன்னு கேப்பாங்க. எங்களால தர முடியாது, யாராலயும் தர முடியாது, தத்தெடுக்கிறதுன்னா காராங்கிற மத்திய அரசு அமைப்பு வழியா பதிவு பண்ணித்தான். அத பிள்ளை காதுபட கேக்காதீங்க, தயவுசெஞ்சு.

போட்டோ

இத மட்டும் கண்டிப்பா கேளுங்க. பிள்ளைங்க முகம் தெரியுற மாதிரி எந்த படத்தையும் ஃபேஸ்புக், இன்ஸ்டா, ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் எதுலயும் போடக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தோட 74ஆவது பிரிவு பிள்ளையோட பேர், ஸ்கூல், படம் எதையும் வெளியிடக்கூடாதுன்னு சொல்லுது, மீறினா ஆறு மாசம் வரை ஜெயில், 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். சட்டத்த விடுங்க, நடந்தத சொல்றேன். சில வருஷம் முன்னாடி வந்த ஒரு குடும்பம் ஒரு சின்னப் பொண்ணோட நின்னு எடுத்த படத்த போட்டுட்டாங்க. யூனிஃபார்ம்ல இருந்த ஸ்கூல் பேட்ஜ் தெளிவா தெரிஞ்சது. அந்தப் பிள்ளைய யார்கிட்ட இருந்து காப்பாத்தி இங்க கொண்டு வந்தோமோ அந்த ஆள் கண்ணுல அந்தப் படம் பட்டு, மூணாம் நாள் ஸ்கூல் வாசல்ல வந்து நின்னான். டீச்சர் உஷாரா இருந்ததால ஒண்ணும் ஆகல, ஆனா அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் மாத்த வேண்டியதாச்சு, கூட்டாளிகள விட்டுட்டு. படம் போட்டவங்க நல்லவங்கதான், நாலு பேர் பாத்து உதவட்டும்னு போட்டாங்க. அதனால உள்ள வந்த உடனே செல்போன ஆபீஸ்ல குடுத்துருங்க. ஞாபகத்துக்கு வேணும்னா பிள்ளைங்க வரைஞ்ச படம் ஒண்ணு கேளுங்க, சந்தோஷமா தருவாங்க.

கண்ண திறந்து பாக்கவும் செய்யுங்க, உங்க பணம் போற இடம். பாத்ரூம் கதவுல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா, ராத்திரி பிள்ளைங்க பக்கத்துல யார் தூங்குறாங்க, பதிவு சர்டிபிகேட் சுவர்ல உண்டா, 1098ங்கிற குழந்தைகள் உதவி நம்பர் பிள்ளைங்க கண்ணுக்கு படுற இடத்துல எழுதியிருக்கா, புகார்ப் பெட்டி இருந்தா அத யார் திறப்பாங்க, இதெல்லாம் கேளுங்க. ஆடிட் கணக்கு கேளுங்க. கேட்டா கோவப்படுற இடத்துக்கு பணம் அனுப்பணுமான்னு நீங்க யோசிக்கலாம். மனசுக்கு எதாவது தப்பா பட்டா அங்க நின்னு சத்தம் போடாதீங்க, 1098க்கு சொல்லுங்க, இல்லன்னா நாகர்கோவில்ல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல போய் சொல்லுங்க.

பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு போக ஆசைன்னா எல்லாரையும் சேத்து, ஸ்டாஃபோட, அனுமதி வாங்கி ஒரு பஸ்ல போங்க. மாத்தூர் தொட்டிப்பாலம் எங்க பிள்ளைங்களுக்கு ரொம்ப பிடிக்கும், ஓடுறதுக்கு இடம் உண்டு, செலவும் அதிகம் இல்ல. கன்னியாகுமரில திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல 2024 டிசம்பர்ல கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அதயும் கேக்குறாங்க, போகணும்னா காலைலயே போங்க, படகுக்கு வரிசை நீளம். பத்மநாபபுரம் அரண்மனை திங்கக்கிழமை லீவு.

கிளம்புறது

கிளம்பும்போது பிள்ளைங்க கேக்கும், "மாமா, இனி எப்ப வருவிய?" இந்தக் கேள்விக்கு பதில காருல வரும்போதே யோசிச்சு வச்சிருங்க. அடுத்த வருஷம் வாறேன்னு வாய்க்கு வந்தபடி சொல்லாதீங்க, போன் பண்றேன்னும் சொல்லாதீங்க, நிச்சயமா செய்வீங்கன்னா மட்டும் சொல்லுங்க. ஒரு அம்மா போகும்போது ஒரு பையன்கிட்ட "ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன்"னு சொல்லிட்டு போனாங்க. நாலு ஞாயிறு அவன் கிரிக்கெட் விளையாடப் போகல. என் ஆபீஸ் மேஜைக்கு அடியில உக்காந்து போன் வயர விரல்ல சுத்திகிட்டே இருந்தான். அஞ்சாம் ஞாயிறு பேட்ட தூக்கிட்டு வெளிய போனான், அதுக்கப்புறம் வந்த எந்த குடும்பத்தோடயும் அவன் பேசல, ரெண்டு வருஷம். "தெரியல மக்ளே, ஆனா லெட்டர் போடுவேன்"னு சொன்னா போதும், பிள்ளைங்களுக்கு அது புரியும்.

சொன்னபடி அந்த லெட்டர போடுங்க. ஊருக்குப் போன ஒரு வாரத்துக்குள்ள, தமிழ்ல, கையெழுத்துல, இல்லத்து எல்லாப் பிள்ளைங்களுக்கும்னு போட்டு எழுதுங்க, நாங்க வாசிச்சிட்டுத்தான் பிள்ளைங்க கையில குடுப்போம். அறிவுரை வேண்டாம். உங்க ஊர்ல எப்படி குளிருது, பஸ் என்ன கலர், உங்க மகன் வாலிபால்ல விழுந்து முட்டியில பட்ட காயம் ஆறிச்சான்னு எழுதி, கடைசில ஒரு கேள்வி கேட்டு முடிங்க. பதில் வர ஒரு மாசம் ஆகும், பரீட்சை இருந்தா இன்னும் லேட்டாகும். போன வருஷம் மஸ்கட்டுக்கு நான் போஸ்ட் பண்ணின பதில்ல முதல் வரியே இதுதான்: "மாமி, காயம் ஆறிட்டா? அங்க மழை உண்டா? இங்க நேத்து பெய்து கரண்ட் இல்ல, அதான் எழுத்து கோணலா இருக்கு."